கால் மாத்திரை

முந்தின வருஷம் நானாகவே நிறுத்தினேன்.
அட்டையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு
நல்லாத்தானே இருக்கேன் என்று
சின்னப்பாலத்துக் கரையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு
பாசி எடுக்க இறங்கினேன்.

மூன்றாம் நாள்
கழுத்தளவுத் தண்ணீரில்
தலைக்குள் ஏதோ சொடுக்கியது.
கண்ணைத் திருப்பினால் ஒரு சொடுக்கு.
திரும்பக் கொண்டுவந்தால் இன்னொன்று.
மின்சாரத் திருக்கை பட்டால் இப்படித்தான் என்றாள்
பூரணவல்லி. அவள் மிதித்திருக்கிறாள்.
என் காலடியில் மணல்தான் இருந்தது.

அன்று அவள்தான் என் முடியைப் பிடித்துப்
பாரிலிருந்து இழுத்து வந்தாள்.
கண்ணாடி போயிற்று. பை போயிற்று,
உள்ளே இருந்த மூன்று கிலோவும்.
பழைய சீக்கு திரும்பிடுச்சு என்றார் வீட்டுக்காரர்,
புயல் கூண்டு நம்பர் சொல்வதைப் போல.

ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரியில்
சஹர்பானு டாக்டர் திட்டவில்லை.
சீக்கு இல்லை இது,
சட்டென்று நிறுத்தியதில் உடம்பு தடுமாறுகிறது என்றார்.
மறுபடி சாப்பிடு. ஆறு மாசம் போகட்டும்.
பிறகு சேர்ந்து குறைக்கலாம்.

சேர்ந்து என்ற அந்தச் சொல்லை
பஸ்ஸில் உச்சிப்புளி வரைக்கும்
வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

இந்தத் தடவை பிளேடு.
இந்த மாத்திரையை வெட்டலாம் என்று கேட்டுக்கொண்டுதான்.
நடுக்கோட்டில் அழுத்தினால் சில நாள் சரிபாதி,
சில நாள் கோணல்.
உதிர்ந்த தூளை விரலில் ஒற்றி
நாக்கில் வைத்துக்கொள்கிறேன்.
கசப்பு. பதினாலு மாதமாய் விழுங்கியும்
இதுவரை தெரியாத கசப்பு.

மகன் ஐந்தாம் வகுப்பில் எழுதாமல் விட்ட
கணக்கு நோட்டில்
தேதி, அளவு, தூக்கம், மூன்று கட்டம்.
நாலாவது நானே போட்டது: காற்று.
கச்சான் அடித்தால் கூடுகிறதா என்று பார்க்க.
அப்படி ஒன்றும் தெரியவில்லை.
ஆனாலும் எழுதுகிறேன்.

ஆனி நாலு. சொடுக்கு ஒன்பது. உள்ளங்கை வேர்வை.
ஆனி ஐந்து. கனவில் ரேஷன் கடை வரிசையில்
எனக்கு முன்னால் ஓர் ஆமை. சண்டை போட்டேன்.
ஆனி பதினொன்று. குழம்புச் சட்டியை வாசலில் வீசினேன்.
உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.
ஆனி பன்னிரண்டு. டிவியில் சோப்பு விளம்பரம். அழுதேன்.

குறைத்த முதல் பத்து நாள்
தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது பேச்சு.
கரையில் உட்கார்ந்து
பாசியிலிருந்து சிப்பியையும் கல்லையும் பொறுக்குகிறேன்.
இறங்காதவளுக்குப் பங்கு இல்லை, அது வழக்கம்.
பூரணவல்லி அந்த வழக்கம்
மறந்துபோனவளாக நடிக்கிறாள்.
நடிப்பு சுமார்தான்.

கால் மாத்திரைக்கு வந்த வாரம் தாங்கவில்லை.
படுத்தால் கட்டிலுக்கு அடியில் நீவாடு ஓடியது.
செத்தால் தேவலை என்று ஒரு ராத்திரி வந்து போனது.
அதையும் எழுதினேன்.
எழுதிய பக்கத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன்.
வாசித்தார். ஒன்றும் சொல்லாமல்
வாசற்கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.
விடிந்ததும் அவரே டாக்டருக்குப் போன் போட்டார்.

பாதிக்கே திரும்பிப் போ.
அங்கேயே நில்லு, மாசக்கணக்கானாலும் சரி.

பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி
அரை மாத்திரையை விழுங்கினேன்.
அன்று பாம்பன் பாலத்தில் காற்று மிஞ்சிவிட்டதென்று
ரயிலை மண்டபத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.
யாரும் ரயிலைக் கோழை என்று சொல்லவில்லை.
தாமதத்துக்குத் திட்டினார்கள், அது வேறு.

இப்போது ஐப்பசி.
மறுபடி கால் மாத்திரை, ஐந்தாவது வாரம்.
முழுசாய் விடுவேனா என்று கேட்கிறார்கள்.
தெரியாது. டாக்டருக்கும் தெரியாது,
அதை அவர் என்னிடம் சொன்னார்.

காலையில் இடுப்பளவு வரை போய் நின்றேன்.
பூரணவல்லி கையெட்டும் தூரத்தில்.
மெதுவாக இடப்பக்கம் திரும்பினேன், குருசடைத் தீவு.
மெதுவாக வலப்பக்கம், பாலம்.
இன்னொரு தடவை, கொஞ்சம் வேகமாக.

கரையேறி, கையைத் துடைத்து, நோட்டில் எழுதினேன்.
சொடுக்கு ஒன்று. சின்னது.
காற்று, கொண்டல்.